அங்கூலேமில் வரைந்து பிழைக்க முடியுமா?

அன்புள்ள தம்பிக்கு,

மதுரை செல்லூரிலிருந்து பிரான்சின் அங்கூலேமுக்குப் படக்கதை படிக்க வந்து ஆறு மாதமே ஆன நிலையில், 96 பக்கக் கறுப்பு வெள்ளைக் கதைக்கு ஒரு பதிப்பகம் 8,000 யூரோ முன்பணம் தருவதாகச் சொல்கிறது என்றும், அதை நம்பிப் பகுதிநேர வேலையை விட்டுவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். விட வேண்டாம்.

பென்சில் கோட்டிலிருந்து மைக்கோடு வரை பக்கத்துக்கு மூன்று நாள் என்று வைத்தாலும் 288 நாள் உழைப்பு. நாளுக்கு 28 யூரோகூடத் தேறாது. அந்த முன்பணமும் பின்னால் வரவேண்டிய உரிமைத்தொகையில் கழித்துக்கொள்ளப்படும். 20 யூரோ விலையுள்ள நூலில் 5.5 விழுக்காடு வரி போக, மீதியில் உங்கள் பங்கு 8 விழுக்காடு என்றால் படிக்கு ஏறக்குறைய ஒன்றரை யூரோ; ஆகவே 5,000 படிகளுக்கு மேல் விற்ற பிறகுதான் அடுத்த யூரோ உங்கள் கைக்கு வரும். மாணவர் அனுமதியில் ஆண்டுக்கு 964 மணி நேரம் சம்பள வேலை செய்யலாம். வாடகைக்கு அதையே நம்புங்கள். 1974இல் படக்கதைத் திருவிழா தொடங்கிய ஊர், சுவர்களிலெல்லாம் படக்கதை தீட்டிய ஊர் என்பதால் இங்கே வரைபவர்கள் வசதியாக இருப்பார்கள் என்று நானும் நினைத்தேன். எனக்குத் தெரிந்த பலரும் பாடம் நடத்தியோ விளம்பரப் படம் வரைந்தோதான் மாதத்தை ஓட்டுகிறார்கள்.

பணத்தைவிட நான் அஞ்சுவது ஒப்பந்தத்தின் மொழிபெயர்ப்புப் பிரிவை. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில், ஆழ்வார்புரத்துக் கூட்டத்தில் தொலைந்துபோகும் ஒரு சிறுவனைப் பற்றியது என் முதல் நூல். 'எல்லா மொழிகளுக்கும்' என்ற சொல்லைக் கவனிக்காமல் கையெழுத்திட்டேன். பிறகு சிவகாசியிலிருந்து ஒருவர் தமிழில் வெளியிடக் கேட்டபோது, இங்குள்ள பதிப்பகம் சொன்ன தொகையை அவரால் கொடுக்க இயலவில்லை. கே.புதூரில் இருக்கும் என் அம்மா அந்த நூலில் படம் பார்த்திருக்கிறார். ஒரு வரிகூடப் படித்ததில்லை. இன்றும் அது எனக்கு ஆறாத வருத்தம்.

தமிழ் உரிமை ஆசிரியரிடமே இருக்கும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். என் இரண்டாம் நூலுக்கு மறுபேச்சின்றிச் சேர்த்தார்கள். தமிழில் விற்கும் எண்ணம் அவர்களுக்கு இருக்கவில்லை. திரைப்பட உரிமைக்குப் பிரெஞ்சுச் சட்டப்படி தனி ஒப்பந்தம் வேண்டும் என்பதால், அதை இதனுடன் கலக்க விடாதீர்கள்.

பேச்சுக் குமிழிகளை இப்போதே சற்று அகலமாக வரைந்து, எழுத்தைப் படத்தோடு சேர்க்காமல் தனி அடுக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு வசனத்துக்கு அளவெடுத்த குமிழிக்குள் 'சொல்லிக்கொண்டிருந்தார்கள்' என்ற ஒரு சொல்லே அடங்காது.