ரோமில் துடுப்பு பிடித்த கங்கை

ரோம் நகரின் பியாட்சா நவோனா சதுக்கம் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள்.

கே: அங்குள்ள நீரூற்றில் கங்கைக்குச் சிலை இருக்கிறதாமே, எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகி, மதுரை)

ப: சதுக்கத்தின் நடுவில் இருப்பது நான்கு நதிகள் நீரூற்று. பத்தாம் இன்னொசென்ட் போப்பாக இருந்தபோது சிற்பி பெர்னினி வடிவமைத்து, 1651 ஜூனில் திறக்கப்பட்டது. ஐரோப்பாவுக்கு டான்யூப், ஆப்பிரிக்காவுக்கு நைல், அமெரிக்காவுக்கு ரியோ டி லா பிளாட்டா, ஆசியாவுக்குக் கங்கை. கையில் நீளமான துடுப்பு இருப்பவர்தான் கங்கை. படகு போகும் நதி என்பதற்கு அது அடையாளம். 'அவர்' என்றதும் திகைக்க வேண்டாம். ரோமானிய மரபில் நதித் தெய்வங்கள் பெரும்பாலும் ஆண்கள். இவருக்குத் தாடியும் உண்டு. துணியால் தலை மூடியிருப்பவர் நைல், அன்று அதன் பிறப்பிடம் தெரியாததால். காசுக் குவியல் பக்கத்தில் இருப்பவர் பிளாட்டா.

கே: எதிரே கட்டடக் கலைஞர் போரோமினி கட்டிய தேவாலயம் தன்மேல் விழுந்துவிடுமோ என்று பயந்துதான் பிளாட்டா கையைத் தூக்குகிறாராமே? (வாசகர், சேலம்)

ப: கைடுகள் விடும் கதை. தேவாலய வேலை தொடங்கியதே 1652-இல். போரோமினி அதில் கைவைத்தது 1653-இல். சிலை அதற்கு முன்பே வந்துவிட்டது.

கே: நான்கு நதிகள் நீரூற்றில் இருக்கும் அவ்வளவு உயரத் தூண், நடுவே ஓட்டையான பாறைமேல் எப்படி நிற்கிறது? (வாசகர், கோவை)

ப: நல்ல கேள்வி. சுமார் 16 மீட்டர் உயரமுள்ள அந்த ஒபெலிஸ்க் (நுனி கூரான நாற்பக்கத் தூண்), எகிப்தின் அஸ்வான் கிரானைட். முதல் நூற்றாண்டில் பேரரசன் டொமிஷியனுக்காகச் செதுக்கியது. ஊருக்கு வெளியே பேரரசன் மாக்சென்ஷியஸின் பந்தய மைதானத்தில் துண்டுகளாகக் கிடந்ததை எடுத்து வந்து ஒட்டினார்கள். கீழே உள்ள பாறை ஒரே கல் அல்ல. டிராவர்டைன் என்ற சுண்ணாம்புக் கற்களை அடுக்கிச் செதுக்கியது. ஒரு பக்கம் நின்றால் மறுபக்கம் தெரியும். பாரம் வளைவுகள் வழியாகப் பிரிந்து நான்கு மூலைக் கால்களில் இறங்குகிறது. நதிகள் உட்கார்ந்திருப்பது சரியாக அந்த மூலைகளில். இணைப்புகளைச் செடி, சிங்கம், குதிரை என்று செதுக்கி மறைத்ததால் பாறை சும்மா பிளந்து கிடப்பதுபோல் தோன்றுகிறது. பெர்னினியின் சாமர்த்தியம் சிலைகளைவிட இதில்தான் அதிகம் என்பேன்.

இப்படிப்பட்ட கட்டுமானங்கள் கெடுவது இணைப்புகளில். உள்ளே வைத்த இரும்புக் கொக்கியில் ஈரம் பட்டால் துரு பிடிக்கும், துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், கல் வெடிக்கும். அதனால்தான் பழுதுபார்ப்பில் துருப்பிடிக்காத எஃகு அல்லது டைட்டானியம் போடுகிறார்கள். இடுக்கை அடைக்கச் சுண்ணாம்புக் கலவைதான் சரி. சிமென்ட் கல்லைவிடக் கெட்டி. அசைவு வந்தால் உடைவது கலவையல்ல, கல்லின் விளிம்பு.

கே: வாட்டிகன் சதுக்கத்தில் தண்ணீர் உயரப் பீய்ச்சுகிறது, இங்கே ஏன் இல்லை? (வாசகர், திருநெல்வேலி)

ப: எல்லாம் மேட்டுக் கணக்கு. நவோனாவுக்கு வந்தது அக்வா வெர்ஜினே, கி.மு. 19-இல் ரோமானியத் தளபதி அக்ரிப்பா கட்டிய கால்வாய். ஏறத்தாழ 20 கிலோமீட்டர் ஓடியும் மொத்தச் சரிவு சில மீட்டர்தான். வாட்டிகனுக்கு வந்தது அக்வா பாவ்லா என்ற வேறொரு கால்வாய், ஜனிகுலம் குன்றின் உயரத்திலிருந்து. அழுத்தம் குறைவு என்பதால்தான் பெர்னினி தண்ணீரை மேலே ஏற்றாமல் பாறை இடுக்குகளிலிருந்து பக்கவாட்டில் பாயவிட்டார். அவர் தந்தை பியெத்ரோ, ஸ்பானியப் படிக்கட்டுகளுக்குக் கீழே உள்ள படகு வடிவ நீரூற்றைத் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கியதும் இதே காரணத்தால்.

கே: சிலைகளில் கறுப்பு படிந்தால் ஆசிட் ஊற்றிக் கழுவலாமா? (வாசகர், ஈரோடு)

ப: கூடவே கூடாது! பளிங்கும் டிராவர்டைனும் சுண்ணாம்புக் கல்; ஆசிட் அழுக்கோடு கல்லையும் கரைத்துவிடும். முதலில் தொட்டியை வடித்து, பாசியை மென்மையான பிரஷ்ஷால் எடுக்க வேண்டும். வாகனப் புகையால் வரும் கறுப்புத் தோலுக்குக் காகிதக் கூழில் அமோனியம் கார்பனேட் கரைசலைக் கலந்து பற்றுப் போடுவார்கள். மறைவான இடத்தில் சோதித்துத்தான் நேரத்தை முடிவு செய்ய வேண்டும். பிறகு சுத்தமான தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும். மிச்சம் தங்கினால் உப்புப் பூக்கும்.

கே: அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா? (வாசகி, சென்னை)

ப: தொட்டித் தண்ணீர் வேண்டாம். காலை நனைத்தாலும் அபராதம் வரும். தெருவோரம் நசோனே என்ற வார்ப்பிரும்புக் குழாய்கள் இருக்கின்றன, 1874 முதல். குழாயின் வாயை விரலால் அடைத்தால் வளைவின் மேலுள்ள சிறு துளை வழியாகத் தண்ணீர் எழும்பும். பாட்டிலே தேவையில்லை.

கே: மற்ற இரண்டு நீரூற்றுகள்? (அதே வாசகி)

ப: வடக்கே கடல் தெய்வமான நெப்டியூன் நீரூற்று, தொட்டி 16-ஆம் நூற்றாண்டு, சிலைகள் வந்ததோ 1878-இல். தெற்கே மூர் (வட ஆப்பிரிக்கர்) நீரூற்று, நடுச் சிலையின் வடிவம் பெர்னினியுடையது, சுற்றியுள்ள டிரைட்டன்கள் என்ற கடல் தேவர் சிலைகள் 1874-இல் வைத்த நகல்கள். நேரமிருந்தால் வடக்கு முனையைத் தாண்டி டோர் சாங்குவிங்னா பக்கம் போங்கள். சதுக்கத்துக்கு இந்த நீள வடிவைக் கொடுத்த டொமிஷியனின் விளையாட்டரங்கின் வளைவுகள் தெருமட்டத்துக்குக் கீழே தெரியும்.