டிஸ்னியில் பெருக்கப் போகும் மகள் – கடிதம்

வணக்கம்.

என் மகள் நியூ ஜெர்ஸியில் பல்கலைக்கழகத்தில் இரண்டாமாண்டு படிக்கிறாள். இங்கேயே பிறந்தவள். ஃப்ளோரிடாவில் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டின் காலேஜ் புரோகிராமுக்கு (கல்லூரி மாணவர்கள் சில மாதம் அங்கே தங்கிச் சம்பளத்துக்கு வேலை செய்யும் திட்டம்) எங்களிடம் சொல்லாமலே விண்ணப்பித்து, ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் வரை இடமும் கிடைத்துவிட்டது. கொடுத்திருக்கும் வேலை கஸ்டோடியல். பெருக்குவது, குப்பை அள்ளுவது, கழிப்பறை கழுவுவது. என் கணவர் இரண்டு வாரமாக அவளிடம் பேசவில்லை. சொந்தக்காரர்களிடம் 'ஹாஸ்பிடாலிட்டி இன்டர்ன்ஷிப்' என்று சொல்லிவைத்திருக்கிறோம். பெட்டியில் என்னென்ன வைக்க வேண்டும்? அரிசி பருப்பு அங்கே கிடைக்குமா? குக்கர் கொடுத்துவிடலாமா? இந்த வேலை அவள் ரெஸ்யூமேக்கு உதவுமா? வேறு வேலைக்கு மாற்றித் தரும்படி கேட்கலாமா?

ச., எடிசன்

அன்புள்ள ச.,

பெருக்குகிறவர்களைப் பற்றி எழுத வேண்டும் என்று குறிப்புகள் சேர்த்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அதனால் பதில் நீளும். நீங்கள் கேட்ட எல்லாவற்றையும் தொடாது.

எளியவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். அரிசி பருப்பு கிடைக்கும். ஆர்லாண்டோவில் இந்திய மளிகைக் கடைகள் உண்டு, எடிசன் அளவுக்கு இல்லை, காரில் போக வேண்டும், அவ்வளவுதான். குக்கரை இப்போதே கட்ட வேண்டாம். ஒரே வீட்டில் தங்கப்போகும் பெண்கள் யார் எதைக் கொண்டுவருவது என்று முன்னாலேயே பேசிக்கொள்ளட்டும். பேசாவிட்டால் நான்கு வாணலி வந்து சேரும், ஒரு கத்தி வராது. கட்டில், மெத்தை அங்கேயே இருக்கின்றன. விரிப்பு வாங்குவதற்கு முன் மெத்தையின் நீளத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். விடுதிகளில் போடும் நீளமான மெத்தையில் சாதாரண விரிப்பு மூலைக்கு மூலை கழன்றுகொண்டே இருக்கும். ரெஸ்யூமேயை அவள் பார்த்துக்கொள்வாள். வேலையை மாற்றித் தரச் சொல்வதா? வந்த இடத்தை ஏற்கலாம், அல்லது வேண்டாம் என்று எழுதிவிடலாம். விண்ணப்பத்தில் ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு விருப்பம் என்று கேட்பார்கள். கஸ்டோடியலில் விருப்பம் உண்டு என்று குறித்தது உங்கள் மகள்தான். அதை அவளிடம் கேட்டீர்களா?

கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை விட்டுவிட்டீர்கள். அவளுக்குக் கல்விக் கடன் இருக்கிறதா? மத்திய அரசின் மாணவர் கடன் என்றால், பாதிநேரப் படிப்புக்கும் கீழே போன நாளிலிருந்து ஆறு மாதச் சலுகைக் காலம் ஓடத் தொடங்கும். டிசம்பர் நடுவில் செமஸ்டர் முடிகிறது, ஜூன் நடுவில் ஆறு மாதம் தீர்ந்துவிடும். அவள் ஆகஸ்ட் கடைசியில்தான் வகுப்புக்குத் திரும்புவாள். இடையில் தவணை கேட்டுக் கடிதம் வரும். திரும்பிப் படிக்கத் தொடங்கியதும் தவணை நின்றுவிடும், ஆனால் செலவான சலுகைக் காலம் திரும்ப வராது. பட்டம் வாங்கிய கையோடு கட்டத் தொடங்க வேண்டியதுதான். இந்தச் சிக்கலுக்கு வழி உண்டு. வேலையைப் பயிற்சியாகக் கணக்கில் எடுத்துக்கொண்டு மாணவர் பதிவைத் தொடரவிடும் கல்லூரிகள் இருக்கின்றன. பதிவாளர் அலுவலகத்திலும் நிதியுதவி அலுவலகத்திலும் தனித்தனியாகக் கேட்க வேண்டும், ஓர் அலுவலகம் சொன்னது மற்றதற்குத் தெரிந்திருக்கும் என்று நம்பக் கூடாது. உதவித்தொகை இருந்தால் ஒரு செமஸ்டர் விடுப்பால் அது பறிபோகுமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும்.

அடுத்தது மருத்துவக் காப்பீடு. கல்லூரி வழியாக எடுத்தது என்றால் பதிவு நின்றதும் அதுவும் நின்றுபோகலாம். உங்கள் காப்பீட்டில் 26 வயது வரை அவள் இருக்கலாம், சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் நியூ ஜெர்ஸி மருத்துவர்களை மட்டுமே ஏற்கும் திட்டமாக இருந்தால், ஃப்ளோரிடாவில் அவசர சிகிச்சைக்குத் தவிர வேறெதற்கும் பணம் வராது. தொண்டைப்புண்ணுக்குக்கூடக் கையிலிருந்து கொடுக்க நேரும். காப்பீட்டு நிறுவனத்தை இந்த வாரமே கூப்பிட்டுக் கேளுங்கள்.

தாள்கள். வேலையில் சேர்ந்த மூன்று வேலைநாட்களுக்குள் அடையாளமும் வேலைத் தகுதியும் காட்டும் அசல் ஆவணங்களைப் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும் என்பது மத்திய சட்டம். நகல் செல்லாது, கைபேசியில் இருக்கும் படம் செல்லாது. அமெரிக்கக் கடவுச்சீட்டு ஒன்றே போதும். இல்லையென்றால் ஓட்டுநர் உரிமம், சமூகப் பாதுகாப்பு அட்டை போல இரண்டு ஆவணங்கள் சேர்ந்து வேண்டும். நம் வீடுகளில் அப்பா பெயர் ஓர் ஆவணத்தில் பின்னாலும் இன்னொன்றில் நடுவிலும் இருக்கும். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். இதைப் படிக்கும் மற்ற பெற்றோருக்கும் ஒன்று. எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்குக் கொடுப்பது) இருக்கும் பிள்ளைகள் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது, ஆசை காட்டாதீர்கள்.

பணத்தை வாரக் கணக்காகப் பார்க்க வேண்டும், மாதக் கணக்கு உதவாது. சம்பளமும் வாரத்துக்கு, வாடகையும் சம்பளத்திலேயே வாரந்தோறும் பிடித்துக்கொள்ளப்படுகிறது. மணிக்கு 18 டாலர், வாரம் 30 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் 540 டாலர். சமூகப் பாதுகாப்புக்கும், முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேருக்கும் பிடித்தம் 7.65 சதவீதம், அதாவது 41 டாலர். மத்திய வருமான வரிக்காக இன்னொரு சிறு தொகை. வாடகை 200 டாலருக்கு மேல். கையில் நிற்பது ஏறக்குறைய 250. அவளுடைய ஒப்பந்தத்தில் இருக்கும் எண்களைப் போட்டு அவளே கணக்கிடட்டும். விடுமுறைக் கூட்டம் வடிந்தபின் ஜனவரி கடைசியில் வேலை மணிகள் சுருங்கும், வாடகை சுருங்காது. முதல் சம்பளம் வரும்வரை சமாளிக்க 800 டாலராவது கையிருப்பு வேண்டும். ஃப்ளோரிடாவில் மாநில வருமான வரி கிடையாது என்று சந்தோஷப்படுவார்கள். அவள் நியூ ஜெர்ஸிவாசி. வெளி மாநிலத்தில் சம்பாதித்ததற்கும் நியூ ஜெர்ஸி வரி கேட்கும், ஆண்டு வருமானம் 10,000 டாலரைத் தாண்டினால் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். யாரும் முன்கூட்டிப் பிடித்திருக்க மாட்டார்கள் என்பதால் மறு ஏப்ரலில் மொத்தமாக நிற்கும்.

இன்னொரு 400 டாலரைத் தொடாமல் வைக்கச் சொல்லுங்கள், ஊர் திரும்பும் செலவுக்கு. வேலையும் வீடும் ஒரே முடிச்சு. வேலை போனால் வீடும் போகும், அதற்குக் கொடுக்கும் அவகாசம் மிகச் சிறிது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பூங்காக்களை மூடியபோது புரோகிராமையே நிறுத்தி, மாணவர்களைச் சில நாட்களில் அறைகளைக் காலி செய்யச் சொன்னார்கள். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் பருவம் வேறு.

காலணி பற்றி நீங்கள் ஒரு வரிகூடக் கேட்கவில்லை. பெட்டியில் வைக்கும் எல்லாவற்றிலும் முக்கியம் அதுதான். உடையை அவர்கள் கொடுப்பார்கள், காலணி அவள் பொறுப்பு. அவர்கள் சொல்லும் நிறம், முன்பக்கம் மூடியது, வழுக்காத அடிப்பாகம். மாலையில், கால் வீங்கியிருக்கும் நேரத்தில் கடைக்குப் போய் அரை அளவு பெரிதாக வாங்க வேண்டும். இரண்டு ஜோடி. கோடையில் ஃப்ளோரிடாவில் மதியத்துக்குமேல் அநேகமாக நாள்தோறும் இடியும் மழையும், நனைந்த காலணி மறுநாள் காலைக்குள் காயாது. ஈரத்தோடு போட்டால் மூன்றாம் நாள் விரலிடுக்கில் புண். புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்பே வீட்டில் போட்டு நடந்து பழக வேண்டும். புதுக் காலணியோடு முதல் நாள் வேலைக்குப் போகிறவர்கள் இரண்டாம் நாள் நொண்டுவார்கள். பருத்திக் காலுறை வியர்வையைப் பிடித்துவைக்கும், அது வேண்டாம். தொடை உரசும் இடத்தில் தடவ மெழுகுக் குச்சி ஒன்று. பவுடர் அந்தப் புழுக்கத்தில் கட்டிகட்டியாகிவிடும். ஜனவரி காலைகளில் பத்து டிகிரி செல்சியஸுக்கும் கீழே இறங்குவது உண்டு, உள்ளே போட ஒரு கதகதப்பான பனியன் வையுங்கள்.

இனி பெருக்குவதற்கு வருகிறேன்.

வால்ட் டிஸ்னி 1955இல் கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்டைத் திறந்த காலத்தில் பொழுதுபோக்குப் பூங்கா என்றால் அழுக்கான இடம் என்றுதான் பொருள். அவர் மாற்ற நினைத்தவற்றில் முதன்மையானது அது. அந்தப் பொறுப்பை ஏற்றவர் சக் பொயாஜியன், அங்கே துப்புரவுப் பணிகளின் முதல் மேலாளர். திரைப்படத் தொழில்நுட்பக்காரர்களுக்கும் வடிவமைப்பாளர்களுக்கும் செய்வதுபோல அவர் பெயரையும் பூங்காவின் நுழைவுத் தெருவான மெயின் ஸ்ட்ரீட்டின் ஜன்னல் ஒன்றில் எழுதி மரியாதை செய்திருக்கிறார்கள். பூங்காக்களில் சூயிங்கம் விற்பதில்லை. தரையில் ஒட்டியதைச் சுரண்டும் உழைப்பை எண்ணித்தான். 1971இல் திறந்த மேஜிக் கிங்டம் பூங்காவை ஃப்ளோரிடாவில் கட்டியபோது நிலத்தடி நீர் மிக மேலே இருந்ததால் தோண்ட முடியவில்லை. தரைமட்டத்திலேயே சுரங்கப் பாதைகளைக் கட்டி, பக்கத்தில் ஏரி வெட்டிய மண்ணை மேலே கொட்டி, பூங்காவை அதன்மேல் எழுப்பினார்கள். அந்தப் பாதைகளுக்குள் குப்பையைக் காற்றால் உறிஞ்சிக் கொண்டுபோகும் ஸ்வீடன் நாட்டுக் குழாய் அமைப்பு ஓடுகிறது. மக்கள் அண்ணாந்து பார்க்கும் கோட்டைக்குக் கொடுத்த மூளையைக் குப்பைக்கும் கொடுத்திருக்கிறார்கள்.

உங்கள் மகள் கையில் ஒரு நீண்ட கைப்பிடி முறமும் ஒரு சிறு துடைப்பமும் கொடுப்பார்கள். குனியக் கூடாது. முதுகு நிமிர்ந்தே இருக்க, நடந்துகொண்டே, மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டி முறத்துக்குள் தள்ள வேண்டும். தோளால் தள்ளினால் ஒரே வாரத்தில் தோள்பட்டை கெட்டுப்போகும், குப்பையும் முறத்தைத் தாண்டிப் பறக்கும். யார் காலை நோக்கியும் பெருக்கக் கூடாது. முறத்தின் வாய்க்குள் காற்று புகும்படி பிடித்தால் அள்ளியது வெளியே வரும். நனைந்த வண்ணக் காகிதத் துணுக்கைத் துடைப்பத்தின் மூலையால்தான் கிளப்ப முடியும், முழுத் துடைப்பத்தால் தேய்த்தால் இன்னும் ஒட்டிக்கொள்ளும். தொட்டியின் பையை விளிம்பு வரை நிரம்ப விடக் கூடாது, கையால் அமுக்கக் கூடாது, தூக்கும்போது காலோடு அணைக்கக் கூடாது. உள்ளே உடைந்த கண்ணாடி இருக்கலாம், குச்சி இருக்கலாம்.

குழந்தைகள் வாந்தி எடுக்கும். வெயில், ஐஸ்கிரீம், ராட்டினம் மூன்றும் சேர்ந்தால் வேறென்ன நடக்கும்? கையுறை, உறிஞ்சும் தூள், அது இறுகும்வரை காத்திருப்பு, வாரல், கிருமிநாசினி, அதுவும் தெளித்த உடனே துடைத்தால் வேலை செய்யாது, குறிப்பிட்ட நேரம் ஈரமாகவே விட வேண்டும். இரத்தம் படக்கூடிய வேலை என்றால் பயிற்சியும், இலவச ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் கொடுப்பது முதலாளியின் கடமை என்று அமெரிக்கச் சட்டம் சொல்கிறது. சிறுவயதிலேயே போட்டிருப்பாள், பதிவேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலையின் இன்னொரு பாதி பேச்சு. ராட்டினத்தை இயக்குகிறவர் தன் இடத்தைவிட்டு நகர முடியாது. துடைப்பக்காரர்தான் தெருவில் நடமாடுகிறார், எனவே கழிப்பறை எங்கே, அணிவகுப்பு எப்போது, தொலைந்த குழந்தையை எங்கே ஒப்படைப்பது என்று எல்லாரும் அவரைத்தான் நிறுத்திக் கேட்கிறார்கள். தெரியாது என்று சொல்லிவிட்டு நகர முடியாது, கேட்டறிந்து சொல்ல வேண்டும். துடைப்பத்தைத் தண்ணீரில் நனைத்துத் தரையில் மிக்கி மவுஸ் வரைந்து குழந்தைகளை நிறுத்திவைக்கும் பணியாளர்களும் உண்டு. அது காய்ந்துபோக இரண்டு நிமிடம்.

இது தொழில். கற்க வேண்டியது. சரியாகவும் செய்யலாம், மோசமாகவும் செய்யலாம். உங்கள் கணவருக்கு இது தெரியாது என்பதில்லை. பூங்காக் கடையில் பொருள் விற்கும் வேலை கிடைத்திருந்தால் அவர் இரண்டு வாரம் வாய்மூடி இருந்திருப்பாரா? சம்பளம் ஏறக்குறைய அதேதான், நிறுவனம் அதேதான், வெயிலும் அதேதான். துடைப்பம்தான் உறுத்துகிறது. ஊரில் யார் கையில் துடைப்பம் இருந்தது, அவர்கள் எந்தத் தெருவில் குடியிருந்தார்கள், எந்தப் பாத்திரத்தில் தண்ணீர் கொடுக்கப்பட்டது என்பதெல்லாம் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய பிறகும் அவருக்குள் பத்திரமாக இருக்கிறது. அவள் அமெரிக்காவில் பிறந்தவள், அந்தச் சுமை அவளுக்கு வரவில்லை. வராமல் போனதற்கு நீங்கள் வருத்தப்படுகிறீர்களா? சொந்தக்காரர்களிடம் சொன்ன பொய்யை முதலில் திரும்ப எடுங்கள். அவள் காதில் விழும் முன்பே.

டிஸ்னிக்காக நான் வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். கிறிஸ்துமஸ், ஈஸ்டர், நள்ளிரவு என்று மற்றவர்கள் மறுக்கும் நேரங்களுக்கெல்லாம் சட்டெனக் கிடைக்கும் இளைய ஆள்பலம் அவர்களுக்கு வேண்டும். கல்லூரியின் பெயரால் அதைத் திரட்டுகிறார்கள். பூங்காவுக்குள் இலவசமாகப் போகலாம் என்பது ஈர்ப்பு, அதற்கும் அனுமதி இல்லாத நாட்கள் உண்டு. எட்டு மாதத்தில் அவள் அலுத்துப்போய்த் திட்டலாம். திட்டட்டும். தாமதமாக வந்தால், வராமல் இருந்தால் புள்ளிகள் ஏறும், ஏறிக்கொண்டே போனால் வேலை போகும். வேலைக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே பேருந்து நிறுத்தத்தில் நிற்கப் பழகட்டும். உடம்பு முடியாவிட்டால் வேலைநேரம் தொடங்கும் முன்பே அழைத்துச் சொல்ல வேண்டும், உங்களை அழைத்த பிறகு அல்ல.

நீங்கள் இருவரும் முதல் மாதத்தில் அங்கே போய் நிற்காதீர்கள். பயிற்சி நடக்கும், அவளுடைய வேலைநேரம் அவள் கையில் இருக்காது. போவதென்றால் பிப்ரவரி முதல் பாதி, மார்ச் விடுமுறைக் கூட்டம் தொடங்குவதற்கு முன். அவளுடைய விடுப்பு நாள் எது என்று தெரிந்தபின் விமானச் சீட்டு வாங்குங்கள். மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை குடும்பத்தில் கல்யாணம், சீமந்தம் எது இருந்தாலும் அவள் வரமாட்டாள் என்று இப்போதே எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். ஏன் வரமாட்டாள் என்று கேட்பார்கள். பெருக்கப் போயிருக்கிறாள் என்று உங்கள் கணவரே சொல்லட்டும்.