நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் பதவி: வாசகர் கேள்விகள்

பி.எஸ்சி., பி.எட். முடித்திருக்கிறேன். அரசு நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் பணிக்கு எப்போது அறிவிப்பு வரும்?
– வாசகி, திருச்செங்கோடு

அப்படி ஓர் அறிவிப்பு வராது. 1 முதல் 8ஆம் வகுப்பு வரை உள்ள ஊராட்சி ஒன்றிய, அரசு நடுநிலைப் பள்ளிகளில் இது பதவி உயர்வுப் பணியிடம். ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) தாள் 2 தேறி, அதன்பின் நியமனத் தேர்வும் எழுதி, பட்டதாரி ஆசிரியராக நுழைவதுதான் உங்களுக்கான வழி. டெட் தாள் 2இல் மொத்தம் 150 கேள்விகள். உளவியல், தமிழ், ஆங்கிலம் தலா 30, உங்கள் பாடம் 60. பொதுப் பிரிவினருக்குத் தேர்ச்சி 90. அந்த 60 கணிதமும் அறிவியலும் சேர்ந்தது. இயற்பியல் படித்தவர்கள் உயிரியலைத் தொடாமல் போய்த் தோற்கிறார்கள். 6 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான பாடப்புத்தகங்களை வரி விடாமல் படியுங்கள். தேர்ச்சிச் சான்று ஆயுளுக்கும் செல்லும்.

இடைநிலை ஆசிரியராக 14 ஆண்டுகள். தொலைநிலைக் கல்வியில் பி.ஏ., பி.எட். முடித்தேன். டெட் தாள் 1 மட்டும் தேர்ச்சி. ஓய்வுக்கு இன்னும் 16 ஆண்டுகள். பதவி உயர்வு கிடைக்குமா?
– வாசகர், அறந்தாங்கி

1.9.2025 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, ஓய்வுக்கு 5 ஆண்டுகளுக்கு மேல் இருப்பவர்கள் பணியில் தொடரவே 2 ஆண்டுகளுக்குள் டெட் தேறியாக வேண்டும். 5 ஆண்டுகளுக்குள் இருப்பவர்கள் ஓய்வு வரை தொடரலாம், ஆனால் டெட் இல்லாமல் பதவி உயர்வு இல்லை. நீங்கள் தாள் 1 தேறியிருப்பதால் இப்போதைய வேலைக்குப் பயமில்லை. தாள் 1 ஐந்தாம் வகுப்பு வரைக்கானது. மேலே போக நினைத்தால் தாள் 2ஐ இப்போதே எழுதுங்கள்.

தேர்வைவிட அதிகம் பேரை மடக்குவது பணிப் பதிவேடு (எஸ்.ஆர்.). பட்டம் கையில் இருந்தால் போதாது, எஸ்.ஆரில் பதிவாகி, அலுவலர் கையொப்பமும் இருக்க வேண்டும். படிக்குமுன் வாங்கிய முன் அனுமதி ஆணை, பல்கலைக்கழகம் தந்த உண்மைத்தன்மைச் சான்று இரண்டையும் தேடி எடுங்கள். உண்மைத்தன்மைக் கடிதத்துக்குப் பதில் வர மாதக்கணக்கில் ஆகும். ஜனவரி 1 நிலவரப்படி பதவி உயர்வுப் பட்டியல் தயாராகும்போது ஓடினால் நடக்காது. பத்தாம் வகுப்புச் சான்றில் 'எஸ். முருகன்', பட்டத்தில் 'முருகன் எஸ்.' என்று இருந்தாலே கோப்பு திரும்பும். அரசு ஊழியர்களின் சம்பள, பணி விவரங்களுக்கான களஞ்சியம் செயலியில் உள்ள விவரத்தையும் எஸ்.ஆரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, வேறுபாட்டை எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பிளஸ் டூ படிக்காமல் திறந்தநிலைப் பல்கலையில் நேரடியாகப் பட்டம் பெற்றிருந்தால், பதவி உயர்வுக்கு அது உதவாது. இதைச் சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது.

புதிதாகத் தலைமை ஆசிரியர் ஆகிறேன். முதலில் எதில் கவனம் வேண்டும்?
– வாசகி, பரமக்குடி

சாப்பாட்டுக் கணக்கில். காலை உணவு 5ஆம் வகுப்பு வரை, மதிய உணவு 8 வரை. ஒரே நாளில் இரண்டு எண்ணிக்கை. இரண்டும் வருகைப் பதிவேட்டோடு ஒத்துப்போக வேண்டும். முட்டை இருப்பை நீங்களே எண்ணிவிட்டுக் கையெழுத்திடுங்கள். பொறுப்பேற்கும் நாளில் சேர்க்கைப் பதிவேடு, தளவாடப் பதிவேடு, வங்கிப் புத்தகம் ஆகியவற்றைச் சரிபார்க்காமல் ஒப்படைப்புப் பட்டியலில் கையெழுத்துப் போடாதீர்கள். பழைய குறை அந்த நிமிடமே உங்கள் குறையாகிவிடும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தலைமை பெற்றோருக்குத்தான். தீர்மானத்தைக் கூட்டம் நடக்கும்போதே எழுதி, அங்கேயே கையொப்பம் வாங்குங்கள்.