பட்டறை வாசல் பலகைக்கு ஓர் ஆங்கில வரி

கேள்வி: ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கிறோம். வேலையைப் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் நிறைய வருகிறார்கள். தொடக்கம் முதல் கடைசி வரை எல்லாமே கைவேலை என்று வாசலில் ஆங்கிலத்தில் பலகை வைக்க ஆசை. 'எண்ட் டு எண்ட் ப்ராசஸ்' என்று போடச் சொல்கிறான் ஐ.டி.யில் இருக்கும் மகன். 'ஃபுல் அண்ட் ஃபுல் ஹேண்ட்மேட்' போதும் என்கிறார் வீட்டுக்காரர். எது சரி? – ஒரு வாசகி, ஆத்தங்குடி.

பதில்: மகன் சொல்வதில் பிழையில்லை, அம்மா. ஆனால் அது கம்பெனிகளில் புழங்கும் பேச்சு. ஆர்டர் எடுப்பதில் தொடங்கி டெலிவரி வரை ஒரே இடத்தில் பார்த்துக்கொள்கிறோம் என்பதற்குப் பொருந்தும். கையால் கல் வார்ப்பதற்கு ஒட்டாது. 'ஃபுல் அண்ட் ஃபுல்' நம்மூரில் எல்லோருக்கும் புரியும், லண்டன்காரருக்குப் புரியாது.

'ஈச் டைல் இஸ் மேட் பை ஹேண்ட் ஃப்ரம் ஸ்டார்ட் டு ஃபினிஷ்' என்று எழுதுங்கள். ஆங்கிலத்தில் 'ஸ்டார்ட்' வந்தால் 'ஃபினிஷ்', 'பிகினிங்' வந்தால் 'எண்ட்' என்று ஜோடி சேர்ப்பதுதான் வழக்கம். 'ப்ராசஸ்' என்ற சொல் வேண்டுமென்றால் 'தி எண்டயர் ப்ராசஸ் இஸ் டன் பை ஹேண்ட்' எனலாம். 'தி கம்ப்ளீட் ப்ராசஸ்' என்றாலும் சரிதான். இடம் மாற்றி 'தி ப்ராசஸ் இஸ் கம்ப்ளீட்' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். வேலை முடிந்துவிட்டது, இனிப் பார்க்க ஒன்றுமில்லை என்று ஆகிவிடும்.

அப்புறம் ஒன்று. 'எண்டயர் ப்ராசஸ்' என்று எந்த ஃபேக்டரியும் எழுதலாம். உங்கள் பட்டறையில் கண்ணாடிமேல் அச்சை வைத்து, சாயம் கலந்த சிமெண்டை ஊற்றி, அச்சை எடுத்தபின் உலர்ந்த கலவையைத் தூவி, மேலே மணல் சிமெண்ட் பூசுகிறார்கள். தொட்டித் தண்ணீரில் ஊறி, வெயிலில் காய்ந்ததும் கல் தானாகக் கண்ணாடியை விட்டு வருகிறது. சூளையே கிடையாது, அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது. இதையல்லவா வருகிறவர் தெரிந்துகொள்ள வேண்டும்! ஆகவே இரு முனைகளையும் பெயர் சொல்லியே எழுதுங்கள்: 'ஃப்ரம் போரிங் தி கலர் ஆன் கிளாஸ் டு ட்ரையிங் இன் தி சன், எவ்ரி ஸ்டெப் இஸ் டன் பை ஹேண்ட்.' அதன் கீழே 'நோ கில்ன் இஸ் யூஸ்ட்' என்று சின்னதாக ஒரு வரி. 'எவ்ரி'க்குப் பின் 'ஸ்டெப்' ஒருமையில்தான் வரும். பெயிண்டர் 'ஸ்டெப்ஸ்' ஆக்கிவிடாமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.