பேக்கை முதல்ல எடை போடுங்க: காட்டு நடைக்குப் புதுசா வர்றவங்க கேட்டவை

அண்ணா, டென்ட் வாங்கிட்டேன். நண்பர்களோட வால்பாறைப் பக்கம் காட்டுல ஒரு ராத்திரி தங்கணும். எந்த இடம் நல்லாருக்கும்?

எந்த இடமும் இல்ல தம்பி. அந்த மலையைச் சுத்தி இருக்கறது ஆனைமலை புலிகள் காப்பகம். அனுமதி இல்லாம காப்புக்காட்டுல கால் வைக்கறதே குத்தம், டென்ட் அடிக்கறது அதுக்கும் மேல. 2018 மார்ச் 11-ல கொழுக்குமலையில இருந்து குரங்கணிக்கு இறங்கினவங்க காட்டுத்தீயில மாட்டி, இருபது பேருக்கு மேல செத்தாங்க. காய்ஞ்ச மலைப்புல்லு நிக்கிற சரிவுல, தீ மேல்நோக்கி ஓடுற வேகத்துக்கு மனுசனால ஏற முடியாது.

2024 அக்டோபர்ல வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு 40 பாதைகளைத் திறந்தாங்க. ஆன்லைன்ல பதிவு பண்ணணும், உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். முதல்ல அதுல ரெண்டு போயிட்டு வாங்க. டென்ட்ல படுக்கற ஆசைக்கு உத்தரகண்ட்ல சாங்க்ரி கிராமத்துல இருந்து ஏறுற கேதார்காண்டா மலை இருக்கு. உச்சி சுமார் 3,800 மீட்டர், புதுசா போறவங்கதான் அங்க அதிகம். அதுவரைக்கும் டென்ட்டை மொட்டை மாடியில, டார்ச் வெளிச்சத்துல அடிச்சுப் பழகுங்க.

பேக் எவ்வளவு கனம் இருக்கலாம்? என் எடை 55 கிலோ.

அஞ்சுல ஒரு பங்கு, அதாவது 11 கிலோ, தண்ணி சாப்பாடு எல்லாம் சேர்த்து. தண்ணி லிட்டருக்கு ஒரு கிலோன்னு மறந்துடாதீங்க. என் முதல் நடைக்கு 17 கிலோ தூக்கிட்டுப் போனேன். ரெண்டு ஜீன்ஸ், ஒரு இரும்பு தோசைக்கல்லு (சிரிக்காதீங்க), ஒரு தடிப் புத்தகம். மழையில நனைஞ்ச ஜீன்ஸ் ரெண்டு நாளாகியும் காயல, போட்டிருந்த பருத்திச் சட்டை உடம்புச் சூட்டையெல்லாம் உறிஞ்சிடுச்சு. குளிர்ல பல்லு தந்தியடிச்சுது. இப்ப எல்லாம் பாலியெஸ்டர்தான்.

கனமான சாமானை முதுகை ஒட்டி, நடுவுல வைங்க. ஸ்லீப்பிங் பேக் அடியில, ரெயின் கோட் எல்லாத்துக்கும் மேல. இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பு மேல இறுக்கிக் கட்டின பிறகுதான் தோள்பட்டையை இழுக்கணும். தோள்ல விரல் நுழையற அளவு லேசா இருந்தா, பாரம் சரியா இடுப்புக்கு இறங்கியிருக்குன்னு அர்த்தம்.

ட்ரிப்புக்குன்னே புது ஷூ வாங்கிட்டேன், அப்படியே போட்டுட்டுப் போகலாமா?

வேண்டாம். ரெண்டு வாரம் வீட்டுத் தெருவுல, பேக்கையும் மாட்டிக்கிட்டு நடங்க. குதிகால்ல சூடா உறுத்தினா உடனே நின்னு பிளாஸ்டர் ஒட்டுங்க. "அடுத்த மேட்டுல பாத்துக்கலாம்"னா கொப்புளம்தான்.

அட்டை கடிச்சா?

மழைக்காலச் சோலைக்காட்டுல கடிக்காம விடாது. சாக்ஸுக்குள்ள பேன்ட்டைச் செருகி, சாக்ஸ் மேல மூக்குப்பொடியோ உப்போ தடவுங்க. ஒட்டிக்கிச்சுன்னா அதோட வாய் ஒட்டியிருக்கற இடத்துல நகத்தை விட்டுத் தள்ளி எடுங்க, நெருப்பெல்லாம் வைக்காதீங்க. ரத்தம் உறையாம இருக்க அது எச்சில்ல ஒண்ணைச் சுரக்குது, அதனால கொஞ்ச நேரம் ஒழுகும். பயப்பட ஒண்ணுமில்ல.

கேட்கக் கூச்சமா இருக்கு. வெளிக்கு எப்படிப் போறது?

எல்லாரும் கேட்க நினைக்கறதை நீங்க கேட்டீங்கம்மா. ஓடையில இருந்து எழுபது தப்படி தள்ளி, ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டி, முடிஞ்சதும் மூடிடுங்க. பேப்பரும் நாப்கினும் ஜிப் கவர்ல போட்டுத் திரும்ப ஊருக்கு வரணும். புதைச்சா பன்னி கிளறிடும்.

யானை எதிர்ல வந்தா?

வழிகாட்டி சொல்றதைக் கேளுங்க, அவ்வளவுதான். செல்ஃபி எடுக்க நின்னீங்கன்னா உங்களுக்கு நான் பதில் சொல்லமாட்டேன். சாணத்துல ஆவி பறந்தா, அது பக்கத்துலதான் இருக்கு. சத்தமில்லாம வந்த வழியே திரும்புங்க.

சாப்பாட்டுக்கு நூடுல்ஸ் போதுமா?

அவல், புளிக்காய்ச்சல், சத்துமாவு, கடலைமிட்டாய். அவலுக்கு அடுப்பே வேண்டாம், தண்ணியில ஊறவெச்சு புளிக்காய்ச்சலைப் பிசைஞ்சா பத்து நிமிசத்துல ஆச்சு. புளிக்காய்ச்சலை மட்டும் ரெண்டு கவர் போட்டுக் கட்டுங்க. ஸ்லீப்பிங் பேக்ல ஒழுகினா அந்த வாசனை வருசக்கணக்குல போகாது, என்னோடதுல இன்னும் இருக்கு.