கேட்காத பேஸ் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

நாங்கள் நான்கு பேர் சேர்ந்த ஒரு மெட்டல் குழு. நான் பேஸ் (கீழ்ச் சுரங்களுக்கான கிட்டார்) வாசிக்கிறேன். நான்கு சொந்தப் பாட்டுகளை வீட்டிலேயே பதிவு செய்து மிக்ஸ் (தனித்தனி டிராக்குகளை ஒன்றாகக் கலப்பது) வரை வந்துவிட்டோம். அதில் என் பேஸ் காதில் விழவே இல்லை. சண்டை போட்டால் எங்கள் கிட்டாரிஸ்ட், "மெட்டாலிகாவோட 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' ஆல்பத்துல மட்டும் பேஸ் கேக்குதா? அது ஓடலையா?" என்கிறான். புதிதாக வந்த பேஸிஸ்ட் ஜேசன் நியூஸ்டெட்டைச் சீண்டுவதற்காகத்தான் பேஸை அமுக்கினார்கள், ஃபேடரை (ஒலி அளவுக் கட்டையை) ஏற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று இணையத்தில் சொல்கிறார்கள். உண்மையா? எங்கள் மிக்ஸில் ஃபேடரை ஏற்றிப் பார்த்தேன். பேஸ் தெளியவில்லை, மொத்தப் பாட்டும் சேறாகிவிட்டது. ஏன்?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கிட்டாரிஸ்ட் சொன்ன தகவல் சரி. 1988-இல் வந்த, மெட்டாலிகா என்ற அமெரிக்க மெட்டல் குழுவின் அந்த ஆல்பம் பில்போர்டு பட்டியலில் 6-ஆம் இடம் வரை ஏறியது, அமெரிக்காவில் 8 மடங்கு பிளாட்டினம் விற்பனைச் சான்று வாங்கியது. அதை வைத்து அவர் செய்யும் வாதம்தான் தப்பு. அந்த ஆல்பம் ஓடியது பேஸ் இல்லாததால் அல்ல, பேஸ் இல்லாவிட்டாலும் ஓடியது.

சீண்டல் கதை எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம். 1986 செப்டம்பர் 27 அன்று ஸ்வீடனில் நடந்த பேருந்து விபத்தில் மெட்டாலிகாவின் பேஸிஸ்ட் கிளிஃப் பர்ட்டன் இறந்தார். சில வாரங்களிலேயே ஃப்ளாட்சம் அண்ட் ஜெட்சம் குழுவிலிருந்து ஜேசனை எடுத்துக்கொண்டார்கள். துக்கம் ஆறாத மூன்று பேருக்கு நடுவில் அவர் படாத பாடு பட்டார் என்பது அவர்களே ஒப்புக்கொண்ட விஷயம். ஆனால் 1987-இல் அவரோடு சேர்ந்து மற்ற குழுக்களின் பாட்டுகளை வாசித்து ஒரு ஐந்து பாட்டு இ.பி. (குறு ஆல்பம்) வெளியிட்டார்களே, அதில் பேஸ் நன்றாகவே கேட்கிறது. சீண்டல் மட்டுமே காரணம் என்றால் அங்கேயே அமுக்கியிருப்பார்கள்.

ஆல்பத்தின் பதிவு 1988-இன் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலிஸின் ஒன் ஆன் ஒன் ஸ்டூடியோவில் நடந்தது. முதலில் கன்ஸ் அண்ட் ரோஸஸின் தயாரிப்பாளர் மைக் கிளிங்க்கை வைத்துத் தொடங்கினார்கள். ஒத்துவரவில்லை. முந்தைய இரண்டு ஆல்பங்களைச் செய்த ஃப்ளெமிங் ராஸ்முசனை டென்மார்க்கிலிருந்து வரவழைத்தார்கள். ஜேசன் தன் பகுதியை உதவிப் பொறியாளர் டோபி ரைட்டுடன் உட்கார்ந்து வாசித்து முடித்தார். தயாரிப்பாளரும் இல்லை, குழுவினரும் இல்லை என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மேடையில் வைத்திருந்த அதே ஒலி அமைப்பு, அதே பிக் (தந்தியை மீட்டும் வில்லை), கிட்டார் எங்கே போகிறதோ அங்கே கூடவே ஓடும் வாசிப்பு. 'இந்தக் கிட்டாருக்குக் கீழே இந்த ஒலி நிற்காது, மாற்று' என்று சொல்ல ஆள் இல்லை. என் கணக்கில் பாதி ஆட்டம் அந்த அறையிலேயே முடிந்துவிட்டது.

மீதிப் பாதி மிக்ஸில். அதை நியூயார்க் மாநிலத்து பேர்ஸ்வில் ஸ்டூடியோவில் ஸ்டீவ் தாம்சனும் மைக்கேல் பார்பியரோவும் செய்தார்கள். ராஸ்முசன் அங்கே இல்லை. டிரம்மர் லார்ஸ் உல்ரிக் தன் டிரம்ஸுக்கு இன்ன ஈக்யூ (அலைவரிசைகளின் ஏற்ற இறக்கம்) என்று கையோடு குறித்துக்கொண்டு வந்ததாகத் தாம்சன் சொல்லியிருக்கிறார். பேஸைக் கேட்டும் கேட்காத அளவுக்கு இறக்கச் சொன்னாராம். இறக்கியதும், அதற்குக் கீழே இன்னும் ஐந்தாறு டெசிபல் இறக்கச் சொன்னாராம். 6 டெசிபல் என்றால் அலையின் உயரம் சரிபாதி. ஆக உங்கள் கேள்விக்கு ஒரு நேரடிப் பதில் உண்டு: ஆமாம், தெரிந்தே இறக்கினார்கள். (இருபது வருஷம் கழித்து, 2009-இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் விழாவில் சந்தித்தபோது, 'அந்த ஆல்பத்தில் பேஸ் எங்கே போயிற்று?' என்று லார்ஸே தன்னிடம் கேட்டதாகவும் தாம்சன் சொல்கிறார். மிக்ஸ் பொறியாளர் வேலைக்குப் பொறுமை வேண்டும்.)

அந்த நேரத்தில் குழு வான் ஹேலன், ஸ்கார்ப்பியன்ஸ் ஆகியோருடன் மான்ஸ்டர்ஸ் ஆஃப் ராக் பயணத்தில் அரங்கம் அரங்கமாக வாசித்துக்கொண்டிருந்தது. பாடகரும் ரிதம் கிட்டாரிஸ்டுமான ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டும் லார்ஸும் நிகழ்ச்சிகளுக்கு நடுவே பறந்து வந்து மிக்ஸைக் கேட்டார்கள். காது செத்துப்போயிருந்தது, மேல் ஒலிகள் கேட்காதபோது கை தானாக அதை ஏற்றத்தான் செய்யும் என்று ஹெட்ஃபீல்டே பின்னால் சொன்னார். பெருஞ்சத்தத்தில் காது முதலில் இழப்பது 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை. டிரம் குச்சியின் 'டிக்', கிட்டார் பிக்கின் கூர்மை எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. ஆல்பத்தில் கிக் டிரம் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) தட்டச்சு இயந்திரம் மாதிரி ஒலிப்பதை இந்தக் காதோடு சேர்த்துப் பாருங்கள்.

இனி நீங்கள் உண்மையில் கேட்ட கேள்வி: ஃபேடரை ஏற்றினால் ஏன் தெளியவில்லை?

உங்கள் பேஸின் திறந்த ஈ தந்தி 41 ஹெர்ட்ஸ். அதன் மேலொலிகள் (மடங்குகளாகக் கூடவே எழும் ஒலிகள்) 82, 123, 165, 206 என்று போகும். கிட்டாரின் திறந்த ஈ 82. அதன் மேலொலிகள் 165, 247. அதாவது கிட்டாரின் ஒவ்வொரு மேலொலியும் பேஸிடம் ஏற்கெனவே இருக்கிறது. இப்போது மெட்டலில் எல்லோரும் பிடிக்கும் பவர் கார்டைப் பிடியுங்கள்: ஈ-யோடு பி, அதாவது 82-உடன் 123. பேஸுக்கென்று மிஞ்சியிருந்த 123-ம் போயிற்று. இதோடு விடவில்லை. டிஸ்டார்ஷன் (ஒலியைச் சிதைத்துக் கரகரப்பாக்குவது) வழியாக இரண்டு சுரங்கள் போனால் அவற்றின் வித்தியாசமும் தனிச் சுரமாகப் பிறக்கும். 123-இல் 82 போக 41. உங்கள் ஈ-யைக் கிட்டாரே உண்டாக்குகிறது! கிட்டார் ஆம்ப்பின் ஸ்பீக்கர் அவ்வளவு தாழ்ந்த ஒலியை முழுதாக வெளியே விடாது, ஆனாலும் காதுக்கு அந்த இடம் நிரம்பின மாதிரி இருக்கும். பேஸ் அதே ரிஃப்பை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கை) ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) கீழே வாசிக்கும்வரை, ஃபேடரை ஏற்றினால் கிட்டார்தான் பருக்கும். பேஸ் என்று ஒரு தனி ஆள் வெளியே வரமாட்டார்.

அடுத்தது வேகம். நிமிடத்துக்கு 190 தட்டு, தட்டுக்கு நான்கு அடி என்று வைத்தால் ஒரு அடிக்குக் கிடைப்பது சுமார் 79 மில்லி விநாடி. 41 ஹெர்ட்ஸ் அலை ஒருமுறை சுற்ற 24 மில்லி விநாடி. ஒரு அடிக்குள் மூன்றே சுற்றுதான். அந்தப் பொழுதில் காதால் சுரத்தைப் பிடிக்க முடியாது, ஒரு 'தம்' மட்டும் கேட்கும். பேஸ் வாசிப்பது இன்ன சுரம் என்று காதுக்குச் சொல்வது பிக் தந்தியில் படும் ஓசையும் 700 முதல் 1,500 ஹெர்ட்ஸ் வரையுள்ள உறுமலும்தான். ஜேசனின் பிக் அடியோ ஹெட்ஃபீல்டின் பிக் அடியோடு அதே கணத்தில், அதே உயரத்தில் விழுந்தது. அவ்வளவு ஒழுங்காக வாசித்ததுதான் அவருக்கு வினையாகிவிட்டது.

ஹெட்ஃபீல்டின் கிட்டார் ஒலியில் நடு அலைவரிசை சுரண்டி எடுக்கப்பட்டு, கீழும் மேலும் ஏற்றப்பட்டிருக்கும். உள்ளங்கையால் தந்தியை அமுக்கி அடிக்கும்போது 100 முதல் 200 ஹெர்ட்ஸில் ஒரு குத்து வரும். தனியாகக் கேட்டால் மிரட்டும். ஆனால் பேஸ் குடியிருக்க வேண்டிய வீடு அது. கீழ்ப்பகுதி முழுவதையும் ஹெட்ஃபீல்ட் தன் கிட்டாருக்கு எடுத்துக்கொண்டார், இருவரும் ஒரே இடத்துக்கு அடித்துக்கொண்டோம் என்ற பொருளில் ஜேசனும் பேசியிருக்கிறார்.

இசை வீடியோ விளையாட்டுகளுக்காகப் பாட்டுகளின் தனித்தனி டிராக்குகள் வெளியே வந்தபோது ரசிகர்கள் பேஸை ஏற்றித் தாங்களே மிக்ஸ் செய்தார்கள். கேட்டுப் பாருங்கள். உடம்பு கூடியிருக்கும், சந்தேகமில்லை. ஆனால் ரிஃப் ஓடும் இடங்களில் பேஸைத் தனியாகப் பின்தொடர முயலுங்கள், பெரும்பாலும் முடியாது. 2018-இல் ஆல்பத்தை மறுபடி மாஸ்டர் செய்து (முடிந்த மிக்ஸை வெளியீட்டுக்காகச் செப்பனிட்டு) வெளியிட்டபோது குழு பேஸைத் தொடவில்லை. அந்தக் காலத்தின் பதிவு அப்படியே இருக்கட்டும் என்றார்கள். எனக்கு அதில் சம்மதமே. மாஸ்டரிங்கில் செய்திருக்கவும் முடியாது. இரண்டு சானலாகச் சேர்ந்துவிட்ட பிறகு 80 ஹெர்ட்ஸை ஏற்றினால் கிக்கும் கிட்டாரின் குத்தும்தான் முதலில் எழும்பும். அந்த வறண்ட ஒலி பின்னால் வந்த டெக்னிக்கல் மெட்டல் குழுக்கள் பலவற்றுக்கு இலக்கணமாகவே ஆகிவிட்டது.

வரவேற்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1989 கிராமியில் புதிதாகத் தொடங்கிய ஹார்ட் ராக், மெட்டல் விருது இவர்களுக்குத்தான் என்று எல்லோரும் நினைத்திருக்க, அது ஜெத்ரோ டல் என்ற ராக் குழுவுக்குப் போனது. அடுத்த ஆண்டு 'ஒன்' பாட்டுக்கு வாங்கிக்கொண்டார்கள். ஆல்பத்தின் மேல் உண்மையான விமரிசனம் மேடையில் வந்தது. பத்து நிமிடத்தை நெருங்கும் தலைப்புப் பாட்டை வாசிக்கும்போது கூட்டம் கொட்டாவி விட்டதைக் கண்டு, இனி இந்த வேலை வேண்டாம் என்று முடிவெடுத்ததாகக் கிட்டாரிஸ்ட் கிர்க் ஹாமெட் சொல்லியிருக்கிறார். 1991-இல் பாப் ராக் தயாரித்த அடுத்த ஆல்பத்தில் பாட்டுகள் சுருங்கின, பேஸ் திரும்ப வந்தது. ஃபேடரால் மட்டும் வரவில்லை. வேகம் குறைந்தது, பேஸ் கிட்டாரின் நிழலாக ஓடுவதை விட்டு டிரம்ஸோடு சேர்ந்து நின்றது.

இனி உங்கள் நான்கு பாட்டுகள். முதலில் பேஸைத் தொடாதீர்கள், கிட்டாரைத் தொடுங்கள். ரிதம் கிட்டார் டிராக்குகளில் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் ஹை-பாஸ் ஃபில்டரால் வெட்டுங்கள். 100–200 பகுதியில் மல்டிபேண்ட் கம்ப்ரெஸர் (குறிப்பிட்ட பகுதியின் சத்தத்தை மட்டும் அமுக்கும் கருவி) போட்டு, அமுக்கி அடிக்கும்போது மட்டும் 3, 4 டெசிபல் இறங்கும்படி வையுங்கள். ஆம்ப்பில் கெயினை (டிஸ்டார்ஷன் அளவை) கொஞ்சம் குறைத்து, 600 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தைத் திருப்பிக் கொடுங்கள். கிட்டாரிஸ்ட் 'ஒல்லியாகிவிட்டது' என்று கத்துவார். சோலோ பட்டனை அழுத்திக் கிட்டாரை மட்டும் கேட்டால் கத்தத்தான் தோன்றும். மொத்தமாகக் கேட்கச் சொல்லுங்கள்.

பிறகு பேஸை இரண்டாகப் பிரியுங்கள். டிஐ டிராக்கை (ஆம்ப் இல்லாமல் பேஸிலிருந்து நேரடியாக எடுத்த பதிவை) நகலெடுத்து, ஒன்றில் 200 ஹெர்ட்ஸுக்கு மேலே வெட்டிவிட்டு, 4:1 கம்ப்ரெஷனில் 6 முதல் 10 டெசிபல் வரை அமுக்குங்கள். இதில் அழுக்கு வேண்டாம், ஆடாமல் நிற்க வேண்டும். மற்றதில் 200-க்குக் கீழே வெட்டிவிட்டு டிஸ்டார்ஷன் போட்டு 700 முதல் 1,500 வரை ஏற்றுங்கள். தனியாகக் கேட்டால் இது தகரத்தைக் கீறுகிற மாதிரி இருக்கும், இருக்கட்டும். டிஐயோடு ஆம்ப் மைக்கையும் கலப்பதாக இருந்தால் கவனம்: மைக் ஸ்பீக்கரிலிருந்து 1 மீட்டர் தள்ளி இருந்தால் அந்த டிராக் சுமார் 3 மில்லி விநாடி பின்தங்கும். 170 ஹெர்ட்ஸ் அருகே இரண்டும் ஒன்றையொன்று அடித்துச் சாப்பிட்டுவிடும். அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, பின்தங்கிய டிராக்கை முன்னால் நகர்த்துங்கள். பேஸ் காணாமல் போகிற வீட்டுப் பதிவுகளில் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கிக்குக்கும் பேஸுக்கும் யார் கீழே என்று பாட்டுக்குப் பாட்டு முடிவெடுங்கள். கிக்கை 60-இல் ஏற்றினால் பேஸை அங்கே இறக்கி 100-இல் ஏற்றுங்கள், அல்லது நேர்மாறாக.

கேட்கும் சத்தமும் முக்கியம். சத்தம் கூட இருந்தால் காது கீழ் ஒலிகளை நன்றாக வாங்கும், குறைத்தால் முதலில் அவைதான் மறையும். சாதாரணமாகப் பேசும் அளவுக்குக் குறைத்து வைத்து மிக்ஸ் செய்யுங்கள். பயிற்சி முடிந்த அன்று இரவு ஃபேடரைத் தொடவே வேண்டாம். கடைசியில் செல்போன் ஸ்பீக்கரில் போடுங்கள். அதில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றுமே வராது. அங்கேயும் பேஸ் எந்தச் சுரத்துக்குப் போகிறது என்று தெரிந்தால் உறுமல் டிராக் தன் வேலையைச் செய்கிறது என்று பொருள்.

இவ்வளவும் செய்து பார்த்தபின் வாசிப்பையே மாற்ற வேண்டியிருக்கலாம். கிட்டார் பதினாறாக (தட்டுக்கு நான்கு அடி) பொடிக்கும் இடத்தில் நீங்களும் பொடிக்க வேண்டியதில்லை, எட்டாக (தட்டுக்கு இரண்டு) அடியுங்கள், அல்லது கிக் விழும் இடத்தில் மட்டும் அடித்து நீட்டுங்கள். 79 மில்லி விநாடி 158 ஆகும், காதுக்குச் சுரம் பிடிபடும். கோரஸில் கிட்டார் கார்டைப் பிடித்து நிறுத்தும்போது நீங்கள் நகருங்கள். டிஐ இல்லாமல் ஆம்ப் ஒலியை மட்டும் பதிவு செய்திருந்தால் மேலே சொன்ன பிரிப்பு சரியாக வராது. அப்படியானால் புதுத் தந்தி மாட்டி, டிஐயோடு நான்கு பாட்டுக்கும் பேஸை மட்டும் திரும்ப வாசித்துவிடுங்கள், கிட்டாரிஸ்டைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு.