கூலிப் போராட்டமும் நிறவெறி எதிர்ப்பும்

அன்புள்ள ஐயா,

தென்னாப்பிரிக்கா பற்றிய உங்கள் கட்டுரையில் மண்டேலாவுக்கு இணையாகத் தொழிற்சங்கங்களுக்கும் இடம் கொடுத்திருந்தீர்கள். கூலி உயர்வு கேட்பது வயிற்றுப்பாடு, நிறவெறியை எதிர்ப்பது அரசியல். இரண்டையும் ஒரே கணக்கில் சேர்ப்பது சரியா?

கே., திருப்பூர்

அன்புள்ள கே.,

அங்கே இரண்டும் தனித்தனியாக இருந்ததே இல்லை. 1924-இல் வந்த தொழில் சமரசச் சட்டம், பாஸ் என்ற நடமாட்ட அனுமதிச் சீட்டை வைத்திருக்க வேண்டிய கறுப்பின ஆண்களைத் தொழிலாளர் கணக்கிலேயே சேர்க்கவில்லை. சங்கம் வைத்தாலும் முதலாளி அதோடு பேச வேண்டிய கட்டாயமில்லை. 1953-இல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்வதே குற்றமானது. வேலை போனால் நகரத்தில் தங்கும் உரிமையும் போகலாம். அப்புறம் கூலியை எப்படித் தனியாகக் கேட்பது?

1973 ஜனவரி 9, டர்பன். கொரோனேஷன் செங்கல், ஓடு தொழிற்சாலையின் ஏறத்தாழ 2,000 பேர் வேலைக்குப் போகாமல் கால்பந்து மைதானத்தில் கூடிவிட்டார்கள். வாரத்துக்கு 30 ராண்ட் கேட்டார்கள். வாங்கிக்கொண்டிருந்ததோ 9 ராண்டுக்கும் குறைவு. 'நாலு பேரைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள், பேசலாம்' என்ற பேச்சு வந்தபோது யாரும் முன்வரவில்லை. முன்னால் வருகிறவனுக்கு வேலை போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும். 1960-களில் சங்கத் தலைவர்களைப் பொறுக்கியெடுத்துச் சிறைக்கு அனுப்பியதை மறந்திருப்பார்களா? கடைசியில் ஜூலு அரசர் குட்வில் ஸ்வெலித்தினி வந்து பேச வேண்டியதாயிற்று. கேட்டதில் பாதிகூடக் கிடைக்கவில்லை. ஆனால் அதற்குள் நெருப்பு துணி ஆலைகளுக்கும் நகராட்சிக்கும் பரவிவிட்டது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன நம்மவர்களின் வம்சத்தில் வந்தவர்களும் சில ஆலைகளில் சேர்ந்துகொண்டார்கள்.

தலைவனே இல்லாத போராட்டம் என்று இதைச் சிலர் கொண்டாடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது வேறு வழியில்லாத தற்காப்பு. அடுத்த சில வருஷங்கள் அவர்கள் மெனக்கெட்டதெல்லாம் ஆலை ஆலையாகச் சங்கம் கட்டத்தான். 1979-இல் அரசு அந்தச் சங்கங்களைச் சட்டப்படி பதிவு செய்ய அனுமதித்தது. கட்டுக்குள் வைக்கலாம் என்ற நினைப்பில்தான்.

நினைத்தது நடக்கவில்லை. 1985-இல் அதே டர்பனில் கோசாட்டு என்ற தொழிற்சங்கக் கூட்டமைப்பு பிறந்தது. அதன் முதல் தலைவர் எலைஜா பராயி, சுரங்கத் தொழிற்சங்கக்காரர். தொடக்க விழா மேடையில் அவர் கூலியோடு நிற்கவில்லை. ஆறு மாதத்துக்குள் பாஸ் சட்டத்தை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பாஸ்களைக் கொளுத்துவோம் என்று அதிபர் போத்தாவுக்குக் கெடு வைத்தார். சங்கங்களால் மட்டும்தான் நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் 1986-இல் பாஸ் சட்டம் ஒழிந்தது.